டாங்கி மூடியைத் திறந்தவர்

போன மாதம், நீங்கள் லொறி திருத்துகிற கராச்சில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முதலாளி வந்து, தன்னுடைய லொறியில் டீசல் சொல்லாமல் கொள்ளாமல் குறைகிறது என்று முறைப்பட்டார். உங்களில் ஒருவர், நல்ல கெட்டிக்காரத் தம்பி, செய்த வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “உது மூடிக் கந்தற்றை வேலைபோலை கிடக்கு” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. டீசல் களவுக்கு எங்கள் தொழிலில் அப்படி ஒரு பெயர் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்களுக்கு அது வெறும் பகிடிச் சொல். கந்தர் என்று உண்மையிலேயே ஒரு மனிதர் இருந்தாரா என்று நீங்கள் யோசித்திருக்கவும் மாட்டீர்கள். இருந்தார். அவருக்கு அந்தப் பெயர் வருவதற்கு வாயைத் திறந்தவன் நான்.

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. “ஐயா, நீங்கள் கண்டுபிடிச்ச கஷ்டமான பிழையளை எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவும்” என்று கேட்டீர்கள். எழுதலாம். டீசல் பம்ப் வேலையில் முப்பது வருடம் கை கறுத்தவன் நான், கதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் எல்லாம் நான் கெட்டிக்காரனாகத்தான் வருவேன். அப்படி வராத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மனம் வராமல் போனாலும் போகும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமானும் வராத காலம். அதனாலேயே எங்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல மவுசு. தோட்டக்காரர் லொறி வாங்கினார்கள். புது லொறி எங்கே கிடைக்கிறது? எல்லாம் கிழட்டு லொறிகள். பம்புக்கு ஒரு வாஷர் வேண்டுமென்றால்கூடக் கொழும்பு முழுவதும் அலையவேண்டும், அலைந்தாலும் கிடைக்காது. ஆகவே என்னைப்போன்ற ஆட்களுக்கு மதிப்புக் கூடிவிட்டது. அச்சுவேலியில் என் கராச். என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த நோசில் பிழை என்று சொல்வேன். பரியாரியார் நாடி பிடிக்கிற மாதிரி என்று யாரோ சொல்லப்போக, எனக்கு ‘டீசல் பரியாரியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியில் கூச்சப்படுவதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது தேன்.

கைராசி என்றும் ஒரு பேச்சு இருந்தது. நான் வேலை முடித்த வண்டிக்கு நானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துத்தான் அனுப்புவேன். முன் கண்ணாடிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, நான் கை வைத்த சாமானுக்கு ஒன்று. ஆயுதபூசைக்கு என் கராச் வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கும். கோயிலில் ஐயர் பொட்டு வைத்திருந்தாலும், “அண்ணை, உங்கடை கையாலையும் ஒண்டு வையுங்கோ” என்று கேட்பார்கள். நானும் அளந்து வைப்பதில்லை. தாராளமாகவே வைப்பேன்.

ஒரு வெங்காய முதலாளி இருந்தார். அவரிடம் ஒரேயொரு லொறி, அதை ஓட்ட ஒரேயொரு றைவர். அந்த றைவர்தான் கந்தவனம். எல்லோரும் கந்தர் என்பார்கள். பருத்தித்துறைக் கரையில் கடல்தொழில் செய்கிற குடும்பம். தமையனிடம் மிசின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. கந்தருக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறி அரை மணித்தியாலத்தில் சத்தி எடுப்பார். பிறந்தது கடற்கரை, பிழைப்பது கண்டி வீதி என்று நான் அவரைப் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். “லொறியும் ஆடுதுதான் அண்ணை, ஆனால் வயித்தைப் பிரட்டேல்லை” என்பார். அந்த லொறி கிடைத்ததால்தான் கடலுக்குப் போகாமல் பெண்சாதி பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றினார். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த லொறியின் டாங்கி மூடி ஒருநாள் எங்கோ விழுந்து தொலைந்துபோயிற்று. வேறு மூடி வாங்க வழியில்லை. கடைச்சல் பட்டறையில் கொடுத்து நானே ஒரு பித்தளை மூடி செய்வித்தேன். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும் அல்லவா? அதற்காக மூடியின் நடுவில் ஊசி போகிற அளவு ஒரு ஓட்டையும் நானே போட்டேன். தூசி போகாமல் இருக்கட்டும் என்று சின்னதாகப் போட்டேன். நல்ல வடிவான மூடி. முதலாளி தடவிப் பார்த்துவிட்டு, “உதுக்கும் ஒரு பொட்டு வையும் காணும்” என்றார். வைத்தேன். அதற்குப் பிறகு அந்த லொறி கராச்சுக்கு வரும்போதெல்லாம் அந்த மூடிக்கும் ஒரு பொட்டு வைப்பது வழக்கமாயிற்று.

இவ்வளவையும் இப்போது ஒரே இடத்தில் எழுதும்போது உங்களுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்த வருட ஆயுதபூசை முடிந்து இரண்டு கிழமை இருக்கும். கந்தர் ஒரு காலையில் கராச்சுக்கு வந்தார். “அண்ணை, வண்டி ஆனையிறவு தாண்டினதும் இழுக்குதில்லை. மெல்ல மெல்ல மூச்சு வாங்கி நிண்டுபோகுது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் எடுக்கும், பிறகும் நிக்கும். டீசல் இருக்கோ எண்டு பாக்க மூடியைத் திறந்தன். ‘உஸ்’ எண்டு ஒரு சத்தம் அண்ணை. மூடியைப் பூட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ண, ஒண்டும் நடக்காத மாதிரி ஓடுது.”

பாருங்கள், அந்த மனிதர் முழு நோயையும் சொல்லிவிட்டார். மருந்தையும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒரு றைவர் என்ன சொல்ல வேண்டும்?

நான் சிரித்தேன். “டாங்கி மூச்சு விடுதோ கந்தர்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமே?” என்றேன். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொன்னது அச்சொட்டான உண்மை. டாங்கிக்கு மூச்சுவிட முடியாமல்தான் இருந்தது. றைவர்மார் சொல்வதைப் பாதியில் வெட்டி, மிச்சத்தை நான் சொல்வது என் பழக்கம். வண்டி நின்றது என்று சொல்வதற்கு மட்டும்தான் றைவர், ஏன் நின்றது என்று சொல்ல நான் இருக்கிறேன் என்ற எண்ணம்.

டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்பைக் கழற்றினேன். அதற்குள் டீசலை உறிஞ்சுகிற தோல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. கிழட்டு வண்டியில் எதைக் கழற்றினாலும் ஏதாவது தேய்ந்துதான் இருக்கும். “இந்தா, இதுதான்” என்றேன். மாற்றிப் பூட்டி, ஊருக்குப் பக்கத்து வல்லைவெளிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். காற்றாய்ப் பறந்தது. பொட்டு வைத்து அனுப்பினேன்.

அடுத்த பயணத்தில் பரந்தனுக்குக் கிட்ட நின்றுபோயிற்று. கந்தர் திரும்பி வந்து மறுபடியும் அதே கதையைச் சொன்னார். மூடி, உஸ், ஓடுகிறது. இந்தமுறை ஒன்று கூடுதலாகக் கேட்டார். “அண்ணை, ஒருக்கா என்னோடை பரந்தன்மட்டும் வாங்கோவன். பக்கத்திலை இருந்து பாத்தியளெண்டால் உங்களுக்குப் பிடிபட்டிடும்.”

நான் போகவில்லை. வெங்காய லொறியில் ஏறிப் பரந்தன் வரைக்கும் ஆடிக்கொண்டு போக நான் என்ன கிளீனரா? வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இந்தமுறை பெரிய பம்பைக் கழற்றினேன். அந்தக் காலத்தில் அதைக் கழற்றுவது சின்ன விஷயமில்லை, உள்ளே ஒன்று உடைந்தால் வண்டி சாகும். நாலு நாள் வியர்த்து, துடைத்து, பூட்டி, மறுபடியும் வல்லைவெளி. திறமாக ஓடியது.

ஏன் என் கையில் ஓடியது, அவர் கையில் நின்றது? விளக்கம் சின்னது. நான் ஓட்டிப் பார்த்தது வெறும் வண்டியில், டாங்கியின் அடியில் கொஞ்ச டீசலோடு, ஐந்தாறு மைல். ஏறுவதற்கு முன் டீசல் பார்க்க மூடியையும் நானே திறந்து மூடியிருந்தேன். டாங்கிக்குள் நிறையக் காற்று இருந்தது. அவர் போனது டாங்கி நிறைய டீசலோடு, லொறி நிறைய வெங்காய மூட்டைகளோடு. உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. இருபது முப்பது மைல் போவதற்குள் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் டீசலை எடுக்க முடியாமல் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பரியாரியார் தேவையில்லை. பக்கத்தில் ஏறி இருந்திருந்தால் போதும்.

மூன்றாம் முறை நின்றபோது மழை. ஆனையிறவுக்கு அங்காலே ஒரு பகலும் அடுத்த நாள் காலையும் லொறி வீதியோரம் நின்றது. கந்தர் மூடியைத் திறந்து திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டியிருக்கிறார். நனைந்த பாட்டரி கடைசியில் கைவிட்டுவிட்டது. வெங்காயம் நனைந்து, கொழும்புச் சந்தை தவறி, வண்டியை இன்னொரு லொறி கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அச்சுவேலிச் சந்தை நாள். முதலாளி ஆள் அனுப்பி என்னைச் சந்தைக்கே கூப்பிட்டார். வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் நின்றார். சுற்றிவர மற்ற லொறிக்காரர்கள், சாக்குத் தூக்குகிறவர்கள், வியாபாரிகள். இருபது பேருக்குக் குறையாது. அந்த லொறிக்காரர்களில் முக்கால்வாசிப்பேர் என்னிடம் வருகிறவர்கள். கந்தர் சாக்குகளுக்குப் பக்கத்தில், நனைந்த சேட்டோடு நின்றார். இரண்டு நாளாக நித்திரை இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

“என்ன காணும், ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினீர். ஒவ்வொரு தரமும் வழியிலை படுத்திட்டுது. உம்மாலை ஏலாதெண்டால் சொல்லும், நான் வேறை ஆளைப் பாக்கிறன்” என்றார் முதலாளி.

‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல்கூட இல்லை. ஆனால் இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாடி பிடிக்கிறவன் நாடி தெரியவில்லை என்று சந்தையில் நின்று சொல்வதா? கண் தானாகவே கந்தரின் பக்கம் போயிற்று.

“வண்டியிலை ஒண்டும் இல்லை முதலாளி. பம்ப் திறம். வழியிலை நிண்டு டாங்கி மூடியைத் திறக்கிறது ஏனெண்டு கந்தரைக் கேளுங்கோ” என்றேன்.

“என்ன சொல்லுறீர்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. தமையன்ரை வள்ளமும் டீசலிலைதான் ஓடுது. அவ்வளவுதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லையாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு எங்கள் ஆட்கள் சொல்கிற வசனம் அது. அங்கே நின்றவர்களில் பெரும்பாலானோர் என்னைப்போலத் தோட்டக்காரக் குடும்பம். கடற்கரை ஆட்களைப் பற்றி எங்கள் வீடுகளில் எவ்வளவு இளக்காரமாகக் கதைப்போம் என்பது உங்களுக்கும் தெரியும். நான் அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். விளக்கம் சொல்லத் தேவையில்லை, மிச்சத்தைச் சனமே நிரப்பிக்கொள்ளும் என்று தெரியும். நிரப்பிக்கொண்டது.

கந்தர் என்னைத்தான் பார்த்தார், முதலாளியைப் பார்க்கவில்லை. “அண்ணை, மூடியைத் திறக்கிறனான் எண்டு உங்களுக்குச் சொன்னதே நான்தானே” என்றார்.

நான் கீழே கிடந்த ஒரு வெங்காயத்தைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றேன். சாக்குத் தூக்குகிற ஒருவன், “ஓகோ, மூடிக் கந்தரோ!” என்றான். சனம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெயர் பிறந்த இடம் அதுதான். கந்தர் மடியிலிருந்து லொறியை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை எடுத்து, ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு, வீதியை நோக்கி நடந்தார். முதலாளி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பத்து நாளில் முதலாளி தன் மருமகனை றைவராக வைத்தார். முதல் பயணத்திலேயே லொறி ஆனையிறவில் நின்றது. மருமகனைக் களவன் என்று சொல்ல முடியுமா? அடுத்த பயணத்தில் என்னையும் ஏறச் சொன்னார் முதலாளி. கந்தர் கேட்டபோது பெரிய மனிதனாக மறுத்தவன், வாயை மூடிக்கொண்டு ஏறி இருந்தேன்.

நல்ல வெயில். இரண்டு பக்கமும் உப்பு நீர், நடுவில் வீதி. ஆனையிறவு தாண்டி ஒரு மைல் இருக்கும், என்ஜின் மூச்சு வாங்கத் தொடங்கியது. கந்தர் சொன்ன அதே சொல். இரண்டு தரம் குலுங்கி நின்றது. இறங்கிச் சின்னப் பம்பைக் கையால் அடித்துப் பார்த்தேன், டீசல் வரவில்லை. குழாயைக் கழற்றி ஊதினேன், தடை இல்லை. அரை மணித்தியாலம் இப்படியே போயிற்று. மருமகன் பொறுமை கெட்டு, எட்டத்தில் தெரிந்த கடைக்குச் சோடா குடிக்கப் போய்விட்டான். கடைசியில் டீசலாவது இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினேன்.

உஸ்.

டாங்கி ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நடுவில் என் பொட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை தரம் வைத்ததோ, சந்தனமும் குங்குமமும் வீதித் தூசியும் சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. டாங்கி உள்ளே இழுக்க இழுக்க அது ஓட்டைக்குள் இன்னும் இறங்கி அடைத்திருக்கிறது. மேல் பொட்டில் விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. அது யாருடைய விரல் என்று வேறு ஆளைக் கேட்கத் தேவையில்லை.

வீதியோரக் கல்லில் இருந்துவிட்டேன். இத்தனை நாளும் லொறி எடுத்துப் போனவர்களில் ஒருவரும் அந்தப் பொட்டைச் சுரண்டவில்லை. கந்தரும் சுரண்டவில்லை. சாமிக்கு வைத்த பொட்டில், அதுவும் கைராசிக்காரன் வைத்த பொட்டில், யார் நகம் வைப்பார்?

பைக்குள் இருந்த கம்பியை எடுத்தேன். இரண்டு குத்துக் குத்தி, சுரண்டி, ஊதினேன். ஓட்டை திறந்தது. ஒரு நிமிட வேலை. பொட்டின் மிச்சத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அப்போது மருமகன் திரும்பி வந்தான்.

“என்ன அண்ணை, பிடிபட்டுதோ?”

“ஓம். பம்பிலை ஒரு சின்னப் பிடிப்பு. சரியாக்கிட்டன்.”

சந்தையில் சொன்ன பொய்யைப் பொய் என்று தெரியாமல் சொன்னேன் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். இதற்கு அந்தச் சாட்டும் இல்லை. முழுக்கத் தெரிந்துகொண்டு, பட்டப்பகலில் சொன்ன பொய். லொறி கொழும்பு போய்த் திரும்பியது, அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. மருமகன் கையிலும் அது நின்றதை முதலாளி வெளியில் விடவில்லை. றைவர் மாறியதும் நோய் மாறிவிட்டது, பரியாரியார் சொன்னது சரிதான் என்று சந்தையில் கதைத்தார்கள். என் பெயர் இன்னும் பெரிதாயிற்று. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கந்தருக்கு ஒருவரும் லொறி கொடுக்கவில்லை. டீசல் களவன் என்று பெயர் எடுத்தவனிடம் யார் திறப்பைக் கொடுப்பார்? கொடிகாமத்தில் கேட்டாராம், சாவகச்சேரியில் கேட்டாராம். அவர் போவதற்கு முன் ‘மூடிக் கந்தர்’ என்ற பெயர் போய்விடும். கடைசியில் தமையனின் வள்ளத்தில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போகும்போதும் சத்தி, வரும்போதும் சத்தி, ஆள் பாதியாகிவிட்டார் என்று மீன் கொண்டுவருகிற ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அந்த இடத்தை விட்டு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது. ஆனால் இருந்தேன். காசு கொடுத்து மீனும் வாங்கினேன்.

எட்டு மாதம் அப்படி இருந்தேன். அந்த எட்டு மாதமும் ஒரு வண்டிக்கும் பொட்டு வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு, கோயிலில் வைப்பியுங்கோ, அதுதான் முறை என்றேன். பக்தி கூடிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு ஒருநாள் விடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக் கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. கந்தர் மணலில் இருந்து வலை ஆய்ந்துகொண்டிருந்தார். உடம்பு வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினார். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

“வாங்கோ அண்ணை. என்ன இஞ்சாலைப் பக்கம்?”

நான் சுற்றி வளைக்கவில்லை. மூடி, ஓட்டை, பொட்டு, ஆனையிறவில் நான் கண்டது எல்லாவற்றையும் சொன்னேன். “கந்தர், பிழை என்ரைதான். நீர் ஒண்டும் எடுக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்” என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று. உடைந்ததைப் பற்றி எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இவ்வளவு தூரம் வந்து அழுதுகொண்டு சொல்கிறேனே, என்னைப்போல் யார் செய்வார் என்ற மாதிரி.

கந்தர் வலையில் சிக்கிய ஒரு நண்டை மெதுவாகப் பிரித்து எடுத்தார். அதைக் கூடைக்குள் போட்ட பிறகுதான் கேட்டார்.

“முதலாளிக்குச் சொல்லிட்டியளோ?”

“இல்லை. இன்னும் சொல்லேல்லை.”

“சந்தையிலை?”

நான் சைக்கிள் பிடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

“அப்ப ஏன் அண்ணை எனக்குச் சொல்லுறியள்? நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வண்டியின் நோயைச் சொல்ல வந்த அன்றைக்கு எப்படிச் சொன்னாரோ, அதே குரலில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு வலையைத் தொடர்ந்து ஆய்ந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினேன். மணலில் சில்லு புதைந்து, வெளியே வர நெடுநேரம் பிடித்தது.

அங்கிருந்து நேராகச் சந்தைக்குப் போவது என்றுதான் மிதித்தேன். சந்தை நாள்தான். வல்லைவெளி முழுவதும், என்ன சொல்லவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அச்சுவேலியை அடைந்ததும் சைக்கிள் முதலாளியின் வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் திருப்பினேன் என்று எழுதவேண்டும், சைக்கிள் தானாகத் திரும்பாது. அவர் வீட்டு விறாந்தையில் தனியே இருந்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, “சரி, விடும். நடந்தது நடந்துபோச்சு. இப்ப மருமகன் ஓடுறான், அவனை இறக்கேலுமே? சாமிப் பொட்டு அடைச்சு வண்டி நிண்டதெண்டு வெளியிலை கதைக்காதையும். சனம் சிரிக்கும். உமக்கும் கூடாது, எனக்கும் கூடாது” என்றார்.

நான் தலையாட்டினேன். என் தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. என்னைப் பற்றி நான் எழுதுவதில் இதைவிட அசிங்கமான வரி இல்லை. அவர் என்னைத் தடுத்துவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இருபது பேருக்கு முன்னால் சொன்னதை ஒருவர் வீட்டு விறாந்தையில் திருப்பி எடுத்தேன். கந்தர் பிறகு வன்னிப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே லொறி கிடைத்ததா, பெயர் அவருக்கு முன்னால் அங்கேயும் போயிருந்ததா, எனக்குத் தெரியாது. தேடிப் போகவும் இல்லை. நான் கராச்சை மூடும்வரைக்கும் சந்தை நாள்தோறும் அந்த வெங்காயச் சாக்குகளைக் கடந்துதான் நடந்தேன். ஒரு நாளாவது நின்று சொல்லியிருக்கலாம்.

தொழில் விஷயமாக உங்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வண்டி எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையிலேயே ஓட்டிப் பாருங்கள், அதே பாரத்தோடு, அதே அளவு டீசலோடு. றைவர் சொல்வதைக் கடைசிச் சொல் வரைக்கும் கேளுங்கள். ‘உஸ்’ என்றால் அந்த ‘உஸ்’ஸையும் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பம்ப் உடைந்தால் எங்கேயாவது ஒன்றைத் தேடிப் பூட்டலாம். ஒரு மனிதரின் பெயருக்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது.

இதை உங்கள் கராச்சில் எல்லோரும் கேட்க உரத்து வாசியுங்கள். உங்களில் பலர் அச்சுவேலிச் சந்தைக்கு லொறி பார்க்கப் போகிறீர்கள். அடுத்த சந்தை நாளன்று நானும் உங்களோடு வருகிறேன். அன்று நின்ற இருபது பேரில் நாலைந்து பேராவது இன்னும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று நானே சொல்லவேண்டும். பக்கத்தில் நீங்கள் நின்றால் இந்தமுறை வேறு பக்கம் திரும்பமாட்டேன்.

டீசல் களவுக்கு நீங்கள் வேறு பெயர் தேடிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தவர் கந்தவனம். அதை அடைத்தவன் நான்.